வெள்ளிக்கிழமை மட்டும் பச்சை

சிதம்பரம்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மச்சான் ஆசிக்குக்கு,

கொளஞ்சியப்பன் எழுதுவது. உன் உம்மா நல்ல சுகம். அதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நீ பதறாமல் படிக்கலாம். நானும் ஜெயராணியும் பிள்ளைகளும் சௌக்கியம். புயல் மழை விட்டு நாலு நாளாக நல்ல வெயில். தோஹாவில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

போன் இருக்கும்போது இவனுக்கு எதற்குக் காகிதமும் பேனாவும் என்று கேட்பாய். உன் தங்கச்சி ஷாசியா பேரைப் போனில் நான் எடுத்தது ஒரே ஒரு தடவை. அதற்கு நீ பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டு, ஒரு மாதம் என்னை பிளாக் பண்ணிப் போட்டாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், அதற்குள் நாலு வரியாவது படித்திருப்பாய். உன் கம்பெனியில் வேலை பார்க்கிற பரங்கிப்பேட்டைக்காரர் நாளைக்கு ஃபிளைட் ஏறுகிறார். ஜெயராணி சுட்ட முறுக்கும் இந்தக் கடிதமும் அவர் பையில் வருகின்றன. முறுக்கைத் தின்றுகொண்டே படி, வாய் வேலையாக இருந்தால் திட்டு கொஞ்சம் குறையும்.

திட்டு வாங்கும் விஷயம் பின்னால் வருகிறது. முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன்.

நீ எனக்குச் செய்து கொடுத்தது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்கே தெரியாது. நீ ஏ.சி. ரூமில் உட்கார்ந்து ஆயிரம் மிஷினைத் திரையில் பார்க்கிறவன். என்னிடம் இருப்பது அண்ணாமலை நகரிலிருந்து சேத்தியாத்தோப்பு வரைக்கும் வீட்டுச் சுவர்களில் மாட்டி வைத்திருக்கிற பாக்ஸ்கள்தான். ஒரு பாக்ஸுக்குள் தெருவுக்கு நெட்டைப் பிரித்துக் கொடுக்க ஒரு ஸ்விட்ச், கரண்ட் போனால் தாங்க ஒரு யூ.பி.எஸ்., ஒரு பேட்டரி. அது அந்த வீட்டுக் கரண்டில் ஓடும், அதற்குப் பதிலாக அந்த வீட்டுக்கு நெட் இலவசம். ஒரு பாக்ஸ் அணைந்தால் அதற்குப் பின்னால் உள்ள தெரு அத்தனையும் அணைந்து, என் போன் அலற ஆரம்பிக்கும். எது போச்சு என்று கண்டுபிடிக்க லைன்மேன் அன்புமணி ஏணியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவான். இத்தனை வருஷம் இப்படித்தான் பிழைப்பு ஓடியது.

நீ ஒவ்வொரு யூ.பி.எஸ்ஸுக்கும், அதன் நிலவரத்தைச் செல்லுக்குச் சொல்கிற ஒரு கார்டு வாங்கி அனுப்பினாய். உன் லீவு நாளையெல்லாம் வீடியோ காலில் செலவழித்து, "அந்த ஒயர் இல்லடா, பக்கத்துல இருக்கறது, அதுக்கும் பக்கத்துல" என்று அன்புமணிக்குத் தொண்டை வற்றக் கத்தினாய். இப்போது என் செல்லைத் திறந்தால் எல்லா பாக்ஸும் வரிசையாகத் தெரிகிறது. வீட்டுக் கரண்டில் ஓடினால் பச்சை, பேட்டரியில் ஓடினால் மஞ்சள், செத்தால் சிவப்பு. சேத்தியாத்தோப்பில் ஒரு பாக்ஸ் சூடு ஏறுகிறது என்று காட்டியது. அன்புமணி போய்த் திறந்தால் ஃபேனுக்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் ஸ்விட்ச் வெந்திருக்கும். கன்னம் வீங்கித் திரும்பி வந்த அன்புமணி, "சூட்ட காட்டுன ஒங்க ஃபிரெண்டு குளவியையும் சேத்துக் காட்டக் கூடாதாண்ணே" என்றான்.

புயலில் நடந்ததையும் கேள். அன்றைக்கு ஊரெல்லாம் கரண்ட் போய்விட்டது, என்னிடம் இருப்பதோ ஒரே ஒரு ஜெனரேட்டர். போன வருஷமாக இருந்தால் அதை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று நானும் அன்புமணியும் சண்டை போட்டுக்கொண்டு நின்றிருப்போம். இந்த முறை எந்த பேட்டரியில் எவ்வளவு மிச்சம், எது முதலில் சாகும் என்று நீ போட்டுக் கொடுத்தது காட்டியது. அந்த வரிசைப்படி ஜெனரேட்டரைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பாக்ஸாகப் போய்ச் சார்ஜ் ஏற்றினோம். வெள்ளாற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, செல் டவர் எல்லாம் படுத்துவிட்டது. இன்வெர்ட்டர் இருந்த வீடுகளில் தெருவே கூடி, நம் நெட்டில்தான் வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தகவல் சொன்னார்கள். ஒரு வீட்டில் அன்புமணியை உட்கார வைத்துச் சுடச்சுடச் சோறு போட்டிருக்கிறார்கள். "இதெல்லாம் தோஹாவுல இருக்கற ஒரு அண்ணன் பண்ணது" என்று இவன் சொல்ல, அந்த வீட்டம்மா "அப்ப அந்தத் தம்பி பங்கையும் நீயே சாப்புடு" என்று இன்னொரு தடவை போட்டார்களாம். உன் பங்கையும் அவன் தின்றுவிட்டான், கணக்கில் வைத்துக்கொள்.

நீ இந்த வேலையில் இறங்கியது புயலுக்காகவோ குளவிக்காகவோ இல்லை. அண்ணாமலை நகர் லைனுக்கு வந்த வியாதிக்காக. மத்தியானம் ரெண்டு மணி வாக்கில் நெட் போகும், சாயங்காலம் தானாக வரும். லாட்ஜில் தங்கிப் படிக்கிற பையன்கள் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். ஒருத்தனுக்கு ஆன்லைன் பரீட்சை பாதியில் நின்றுபோனது. பெரிய கம்பெனிக்காரர்கள் அதற்குள் லாட்ஜ் கேட்டிலெல்லாம் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அந்த லைன் போனால் நான் கடையைச் சாத்த வேண்டியதுதான். அன்புமணி ஃபைபரை வெட்டி வெட்டி ஒட்டினான், நான் ஸ்விட்சை மாற்றினேன், ஜெயராணி கண்ட்ரோல் ரூம் வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினாள். மூன்றுக்கும் ஒரே பலன்தான்.

அந்த லைனில் முதல் பாக்ஸ் உன் வீட்டு வராண்டாவில்தான் இருக்கிறது. உம்மா வீட்டு பாக்ஸை யார் சந்தேகப்படுவார்கள்? அன்புமணி ஒரு தடவை போயிருக்கிறான், கிரில் கேட் பூட்டியிருந்தது. கடைக்குப் போயிருப்பாங்க என்று அடுத்த வீட்டுக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நீ கார்டு மாட்டிக் கொடுத்த மறுநாளே வியாதி எங்கே என்று தெரிந்துவிட்டது. சுற்றிலும் எல்லாம் பச்சையாக இருக்க, உன் வீடு மட்டும் காலையில் மஞ்சள், மத்தியானம் சிவப்பு, சாயங்காலம் பச்சை. உம்மா வெளியே கிளம்பும்போது மெயின் ஸ்விட்சை இறக்கிவிட்டுப் போகிறார்கள், பேட்டரி தாங்குகிற வரை தாங்கிவிட்டு அணைந்து போகிறது. பூட்டிய வீட்டில் கரண்ட் ஓடக் கூடாது என்பது உன் வாப்பா பழக்கிய பழக்கம், உனக்கே தெரியும்.

மெயினை ஏன் இறக்குகிறார்கள் என்று நீ கேட்கவில்லை. தினமும் எங்கே போகிறார்கள் என்று கேட்டாய். "வெள்ளிக்கெழம மட்டும் நாள் பூரா பச்சையா இருக்கு மச்சான். அன்னிக்குத்தான் நா வீடியோவுல பேசுவேன். மத்த நாள்ல எங்கிட்ட மறச்சு ஆஸ்பத்திரிக்குப் போறாங்களா? ஒடம்புக்கு என்னவோ இருக்கு. அவுங்ககிட்ட கேட்டுடாத, பயந்துடுவாங்க. நீயே போயி பாரு" என்றாய். அதற்கப்புறம் மூன்று தடவை போன் பண்ணிவிட்டாய், நானும் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஆனால் மச்சான், நான் சனிக்கிழமையே பார்த்துவிட்டேன்.

அன்று காலையில் போனபோது உம்மா கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். கையில் ஒயர் கூடை, அதற்குள் டிபன் கேரியர். எங்கே உம்மா என்றால், மூட்டு வலிக்கு டாக்டரைப் பார்க்க என்றார்கள். டாக்டருக்கு எதற்கு மூணு அடுக்கு கேரியர் என்று நான் கேட்கவில்லை. பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று ஆட்டோ ஏறிவிட்டார்கள். நான் பின்னாலேயே போனேன். பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸில் ஏறினார்கள். பைக்கை ஸ்டாண்டில் போட்டுவிட்டு நானும் பின்படி வழியாக ஏறி, ஒரு மூங்கில் கூடைக்காரர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். புதுச்சத்திரம் தாண்டியதும் உம்மா திரும்பிப் பார்க்காமலே, "கொளஞ்சி, எவ்ளோ நேரம் நின்னுகிட்டே வருவ, எடம் இருக்கு, வந்து உக்காரு. இந்தக் கூடையப் புடி" என்றார்கள். போலீஸ் வேலைக்கு எழுதிப் போடாதே என்று ஜெயராணி இன்னும் சிரிக்கிறாள்.

உம்மாவுக்கு வியாதி ஒன்றும் இல்லை. அவர்கள் போவது கடலூர் முதுநகருக்கு, ஷாசியா வீட்டுக்கு. இந்த இடத்தில் காகிதத்தை மடித்து வைக்கத் தோன்றும். வைக்காதே.

ஷாசியாவுக்கு இது எட்டாம் மாதம். பிரஷர் ஜாஸ்தியாகிக் கால் ரெண்டும் வீங்கிவிட்டது. கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லி ரெண்டு மாதம் ஆகிறது. அவள் புருஷன் அபுல் ஹசனுக்கு அம்மா இல்லை. அவன் துறைமுகத்தில் போட் இன்ஜின் மெக்கானிக், விடிவதற்குள் சோறு வடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறான். அந்தச் சோற்றைக் கஞ்சி என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் தினமும் வடிக்கிறான். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு, மற்ற நாளெல்லாம் உம்மாதான்.

ஷாசியா செய்ததில் உனக்கு எவ்வளவு மனசு விட்டுப்போனது என்று எனக்குத் தெரியும். நீ உன் ரூம்காரர் தம்பிக்கு அவளைக் கட்டிக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாய். அவள் அபுல் ஹசனைத்தான் கட்டுவேன் என்று போய் நிக்காஹ் முடித்துவிட்டாள். அந்த ரூம்காரர் முகத்தில் முழிக்க முடியாமல் நீ வேறு ரூமுக்கு மாறினாய். அப்போது நானும் உன் பக்கம்தான் பேசினேன், இப்போதும் அதை மறுக்கவில்லை. அவள் இனி நம் வாசப்படி மிதிக்கக் கூடாது என்று உம்மாவிடம் வாக்கு வாங்கினாய். பஸ்ஸில் அதைக் கேட்டேன். உம்மா சொன்னது இதுதான்: "அவ மிதிக்கக் கூடாதுன்னான், அவ மிதிக்கல. நா பஸ்ஸு ஏறக் கூடாதுன்னு அவன் சொன்னானா? அவன் சொன்ன சொல்லுக்கு நா ஒரு கொறையும் வக்கல கொளஞ்சி." இதற்கு நீயே பதில் சொல்லிக்கொள்.

ஷாசியா இருப்பது ஒரு மாடி வீடு, ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், உம்மா ஒரு அதட்டல் போட்டுப் படுக்க வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "கொளஞ்சண்ணே, அண்ணனுக்கு முடியெல்லாம் கொட்டிப்போச்சாமே, நெஜமா?" என்றாள். முன்பக்கம் மைதானம், பின்பக்கம் கொஞ்சம் மிச்சம் என்றேன். சிரித்தாள். சிரித்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எனக்குத் தாங்கவில்லை. பேச்சை மாற்ற என் செல்லை எடுத்து, இதோ பார் உன் அண்ணன் பண்ணிக் கொடுத்தது என்று அந்தப் பச்சை மஞ்சள் வரிசையைக் காட்டினேன். மேலே முதலில் இருந்தது மஞ்சளாக இருந்தது. "இது எங்க வூடா?" என்றாள். ஆமாம் என்றேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், செல்லைத் திருப்பித் தரவில்லை.

நான் செய்த வேலை அடுத்து வருகிறது. உம்மாவை எச்சரித்து வைக்கலாம் என்று, நீங்கள் மெயினை இறக்கினால் அது அங்கே ஆசிக் செல்லிலும் தெரியும் உம்மா என்றேன். மீன் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். "நா தெனமும் கெளம்புறது அவனுக்குத் தெரியுமா?" என்றார்கள். தெரியும் என்றேன். "எத்தன நாளா?" ஒரு மாதமாக என்றேன். "தெரிஞ்சுமா வெள்ளிக்கெழம பேசறப்ப ஒரு வார்த்த கேக்கல?" என்றார்கள். அப்படியே தரையில் உட்கார்ந்து, முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்கள். "எம் புள்ள எறங்கி வந்துட்டான் கொளஞ்சி. வாயத் தொறந்து சொல்ல ரோஷம் வுடல. அவுங்க வாப்பாவும் இப்புடித்தான், கோவம் தீந்தா சொல்ல மாட்டாரு, கண்டும் காணாம இருப்பாரு. அதான் சம்மதம்" என்றார்கள். அங்கேயே கையேந்தி உனக்கு துஆ செய்தார்கள்.

இல்லை உம்மா, அவனுக்குத் தெரிவது விளக்கு அணைவது மட்டும்தான், நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று அவனுக்குத் தெரியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். கட்டிலிலிருந்து ஷாசியா என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு உன்னைத் தெரியாதா? உம்மாவின் முகத்தில் ரெண்டு வருஷமாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன் மச்சான்.

அதிலிருந்து உன் வீட்டை நீ பார்க்க வேண்டும். உன் உம்மா சைதுன் பீவி அம்மாள் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது. கல்யாணத்துக்கு முன் உன் தங்கச்சி படுத்துக்கொண்டிருந்த அறைக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. தொட்டிலுக்குக் கொக்கி மாட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள், மாட்டிக் கொடுத்தேன், ரெண்டு தடவை தொங்கிப் பார்த்துத் திருப்தியானார்கள். எல்லார் வீட்டிலும் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான், எம் மகளுக்கு மட்டும் இல்லாமல் போச்சே என்று இத்தனை நாளும் அடுப்படியில் அழுதவர்களாம், பக்கத்து வீட்டம்மா சொன்னார்கள். இப்போது "எம் மவன் சரின்னுட்டான்" என்று தெருவில் ஒரு வீடு பாக்கி இல்லாமல் சொல்லியாகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமை டாக்டரைப் பார்த்துவிட்டு, காரில் மெதுவாக அழைத்து வந்துவிடலாம் என்று திட்டம். காருக்கும் என்னிடம்தான் சொல்லியிருக்கிறார்கள்.

உம்மாவிடம் கேட்காதே என்று நீ சொன்னதால் ஒரு மாதமாகத் தொடாமல் விட்டிருந்த பாக்ஸுக்கு நேற்றே வழி பண்ணிவிட்டோம். மீட்டரை அடுத்துத் தனியாக ஒரு லைன் இழுத்துவிட்டோம், இனி உம்மா மெயினை இறக்கினாலும் பாக்ஸ் அணையாது. லாட்ஜ் பையன்கள் சத்தம் அடங்கிவிட்டது. பரீட்சை நின்றுபோன அந்தப் பையனே வந்து, சூப்பரா வருதுண்ணே என்றான். என் தொழில் பிழைத்தது உன்னால்தான், இதை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ஒன்று மட்டும் நினைவில் வை. இனி பச்சையைப் பார்த்துவிட்டு உம்மா வீட்டில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளாதே. கடலூர் பஸ்ஸில் இருப்பார்கள்.

ஆசிக் அண்ணனிடம் நியாயம் பேசாதே, நடந்ததை மட்டும் எழுது என்று ஜெயராணி சொல்லியிருக்கிறாள். இவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டுதான் எழுதினேன். உன் ரோஷத்தை விடு என்று சொல்ல நான் யார். நீ ஷாசியாவோடு பேச வேண்டாம். அபுல் ஹசனை மச்சான் என்று கூப்பிட வேண்டாம், அந்தப் பேர் எனக்கே இருக்கட்டும். என்னைத் திட்ட வேண்டுமானால் வியாழக்கிழமையே திட்டித் தீர்த்துவிடு, போனை எடுக்கிறேன்.

ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நீ வீடியோவில் வரும்போது உம்மா உனக்கு நன்றி சொல்லப் போகிறார்கள். மற்ற நாளில் நீ அவசரத்தில் பேசுவாயாம், அன்றைக்குத்தான் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமாம். எடுத்து வைத்த புதுச் சேலையை அதற்காகவே பிரித்திருக்கிறார்கள். மச்சான், அவர்கள் சொல்லப்போவது நீ இன்னும் செய்யாத காரியத்துக்கான நன்றி. எனக்கு ஒன்றும் தெரியாதே உம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே. என்னைக் காப்பாற்றுவதற்காக இல்லை, நான் பொய்யனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். ஒரு நிமிஷம் தலையைக் குனிந்துகொள், அவர்கள் வெட்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அப்புறம் நிமிர்ந்து, "ரோடு மோசமா இருக்கு, பாத்துக் கூட்டிட்டு வாங்க உம்மா" என்று சொல்.

உன் பதிலுக்காக வெள்ளை அடித்த அறையோடு காத்திருக்கும்,

உன் மச்சான்
கொளஞ்சியப்பன்